கூலிக்கு எடுத்த படமும் கொடைக்கு எடுத்த படமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பிரேசில் நாட்டுப் புகைப்படக் கலைஞர் செபாஸ்தியோ சல்காடோ 2025 மே 23 அன்று பாரிஸில் தமது 81-ஆம் வயதில் காலமானதை ஒட்டி இப்பகுதியில் எழுதியிருந்த குறிப்பைப் படித்துவிட்டு, வாசகர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். அவருடைய கேமராவைப் பற்றியோ லென்ஸைப் பற்றியோ கேட்டவர்கள் சிலரே. பணம் எங்கிருந்து வந்தது, நிறுவனங்களுக்கு ஏன் படம் எடுத்தார், ஏழைகளைப் படமெடுத்து அவர்களுக்கு என்ன செய்தார் என்றுதான் பெரும்பாலோர் கேட்டிருக்கிறார்கள். சரியான கேள்விகள் இவையே என்பதால் இவ்விதழை இவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

பொருளாதாரம் படித்த சல்காடோ, நல்ல வேலையை விட்டுவிட்டு உலகம் சுற்ற என்ன செய்தார்? செலவை யார் ஏற்றார்கள்?
– கல்லூரி மாணவர் ஒருவர், பாளையங்கோட்டை

1944-இல் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் ஐமோரெஸ் ஊரில், மாட்டுப் பண்ணை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்த சல்காடோ, சாவோ பாவ்லோவில் பொருளாதாரம் பயின்றார். பிரேசிலில் இராணுவ ஆட்சி இறுகிவந்த நிலையில், 1969-இல் மனைவி லேலியாவுடன் பிரான்சுக்குப் போய்விட்டார். லேலியா அங்கே கட்டடக் கலை படித்தார். அந்தப் படிப்புக்காக அவர் வாங்கிய கேமராதான் சல்காடோவின் கைக்கு முதலில் வந்தது. பிறகு லண்டனிலுள்ள சர்வதேச காபி அமைப்பில் வேலைக்குச் சேர்ந்து, ஆப்பிரிக்கத் தோட்டங்களுக்கு அலுவல் பயணமாகப் போனபோதெல்லாம் அந்தக் கேமராவையும் கொண்டுபோனார். எழுதிய அறிக்கைகளைக் காட்டிலும் எடுத்த படங்களே தமக்கு நிறைவு தருவதைக் கண்டு, 1973-இல் வேலையை விட்டார்.

அதன்பின் சிக்மா, காமா, 1979 முதல் மேக்னம் என்று ஏஜென்சிகளில் வேலை செய்தார். செய்தி நடக்கும் இடத்துக்கு ஏஜென்சி அனுப்பும். எடுத்துவரும் படத்தைப் பல பத்திரிகைகளுக்கு விற்றுப் பங்கு தரும். போர்ச்சுகலின் அரசியல் மாற்றமும் அங்கோலா, மொசாம்பிக் நாடுகளின் விடுதலைக் காலமும் அவர் இப்படிக் கூலிக்குப் போய்ப் படமெடுத்தவை. இந்தக் காலத்தை அவருடைய வாழ்க்கையில் ஒரு முன்னுரையாக மட்டும் எண்ணிப் பலரும் கடந்துவிடுகிறார்கள். என் பார்வையில், பின்னாளில் வந்த பெரிய வேலைகள் அனைத்துக்கும் அடித்தளம் இங்கேதான் போடப்பட்டது. பிறர் கொடுக்கும் அவகாசத்துக்குள் படத்தை முடித்துக் கொடுக்கவும், படத்தின் விலை எவ்வளவு என்று தெரிந்துகொள்ளவும் அவர் இங்கேதான் பழகினார்.

அந்த விலை அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகனின் முதல் நூறு நாட்களைப் படமெடுக்கும் பணியை நியூயார்க் டைம்ஸுக்காகச் செய்துகொண்டிருந்தபோது, 1981 மார்ச் 30 அன்று வாஷிங்டனில் ஒரு ஹோட்டல் வாசலில் ரீகன் சுடப்பட்டார். அருகில் நின்ற சல்காடோ சுமார் ஒரு நிமிடத்துக்குள் 76 ஃப்ரேம்கள் எடுத்தார். அந்தப் படங்கள் உலகெங்கும் விலைபோயின. வந்த தொகை, தாமே தேர்ந்துகொண்ட முதல் பெரிய ஆப்பிரிக்கப் பயணத்துக்குச் செலவானது. அதிபரைச் சுட்ட காட்சியை எடுத்தவர் என்ற பெயரோடு நின்றுவிட அவர் விரும்பவில்லை. கிடைத்த பணத்தைக் கொண்டு யாரும் கேட்டு அனுப்பாத ஒரு வேலையைத் தொடங்கினார். வாழ்நாள் முழுவதும் அவருடைய கணக்கு இப்படித்தான் நடந்தது.

ஒரு காபி நிறுவனத்துக்காகப் பல ஆண்டுகள் படம் எடுத்தார் என்கிறார்கள். தொழிலாளர்களின் துயரத்தைக் காட்டியவர் விளம்பர வேலையை ஏற்கலாமா?
– வாசகி ஒருவர், கூடலூர்

ஏற்கலாம் என்பதே என் கருத்து. எப்படி ஏற்றார் என்று பார்த்த பிறகு சொல்கிறேன். இத்தாலியின் த்ரியெஸ்தே நகரைச் சேர்ந்த இல்லி நிறுவனத்துக்காக 2002 முதல் பத்தாண்டுகளுக்கும் மேலாக, பிரேசில், எத்தியோப்பியா, குவாத்தமாலா, கொலம்பியா, இந்தோனேசியா முதலிய நாடுகளின் காபித் தோட்டங்களை அவர் படமெடுத்தார். நம் கர்நாடகத்துக் காபி மலைகளும் அதில் உண்டு. அப்படங்கள் 2015-இல் நூலாக வந்தன. அவற்றில் நிறுவனத்தின் பொட்டலமோ கோப்பையோ முன்னால் வந்து நிற்பதில்லை. பழம் பறிப்பவர்களின் விரல்களும், கொட்டையைக் காயவைக்கும் களமும், மூட்டை சுமக்கும் தோள்களும்தான் வருகின்றன. காபிச் சந்தையின் பொருளாதாரத்தை ஒருகாலத்தில் மேசையில் அமர்ந்து எழுதியவர், முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே பயிரைக் கையால் தொடுபவர்களிடம் போய் நின்றிருக்கிறார். அந்த வகையில், விளம்பர வேலை என்றாலும் அவருக்குப் பழக்கமான உலகத்தில் அவர் செய்த வேலை அது.

ஆயினும், காபி வாங்கும் நிறுவனத்தின் செலவில் எடுத்த படத்தில், தோட்டத் தொழிலாளியின் கூலி போதவில்லை என்ற செய்தி வருவது கடினம் என்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொண்டுதான் அப்படங்களைப் பார்க்க வேண்டும். யார் பணம் கொடுத்தார் என்பது நூலிலேயே வெளிப்படையாக இருக்கிறது. அதை மறைத்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

ஓரிடத்தில் எவ்வளவு காலம் தங்குவார்? அந்த மக்கள் அவரை எப்படி உள்ளே விட்டார்கள்?
– புகைப்படப் பயிற்சி மாணவர், சென்னை

செய்தி ஏஜென்சியில் இருந்தபோது கிடைக்காத ஒன்றை, சொந்தப் பணிகளில் அவர் தாராளமாகச் செலவழித்தார்: காலம். 1984, 1985 ஆண்டுகளில், சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள சாகேல் பகுதியை வறட்சி வாட்டியபோது, மாலி, சாட், எத்தியோப்பியா, சூடான் நாடுகளில் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பினரோடு பதினைந்து மாதங்கள் பணியாற்றினார். அந்தப் படங்களின் நூல் பிரான்சில் அந்த அமைப்புக்கு உதவுவதற்காகவே வெளியிடப்பட்டது. உதவி முகாமைப் படமெடுத்துவிட்டுப் பிறகு எங்காவது நன்கொடை கொடுத்த கதை இதில் இல்லை. படம் யாருக்குப் பயன்பட வேண்டும் என்பது பயணம் தொடங்கும்போதே முடிவாகியிருந்தது.

1986-இல் பிரேசிலின் பாரா மாநிலத்தில் செர்ரா பெலாதா தங்கச் சுரங்கத்துக்குப் போனார். இயந்திரம் ஏதுமின்றி ஏறத்தாழ 50,000 ஆண்கள், மண் மூட்டைகளை முதுகில் சுமந்து, செங்குத்தான ஏணிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த பெருங்குழி அது. அந்தப் படங்களைப் பார்க்கும்போது கண் முதலில் கூட்டத்தில்தான் போய் விழுகிறது. சற்று நேரம் கழித்துத்தான் ஒவ்வொருவரும் தெரிகிறார்கள்: சேற்றில் ஊறி உடலோடு ஒட்டிய அரைக்கால் சட்டை, நெற்றியில் பட்டை கட்டித் தாங்கிய சாக்கு, முன்னே ஏறுபவனின் குதிகாலுக்கு ஓர் அங்குலம் கீழே பின்னால் வருபவனின் முகம்.

அந்த இடத்தின் கனிம உரிமையைக் கையில் வைத்திருந்த அரசு நிறுவனமான வேலேயின் ஆள் என்று சுரங்கத் தொழிலாளர்கள் தம்மை முதலில் சந்தேகித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். காவலர் ஒருவர் அவரை நிறுத்தி விலங்கு மாட்டி அழைத்துச் சென்ற பிறகுதான், இவன் அதிகாரத்தின் ஆள் இல்லை என்று தொழிலாளர்கள் தெளிந்தார்களாம். திரும்பி வந்தவரை ஆரவாரத்தோடு வரவேற்றார்களாம். அதன் பிறகு எந்த ஏணியிலும் அவரை யாரும் தடுக்கவில்லை. வந்த அன்றே படம் எடுத்துக்கொண்டு மாலையில் கிளம்பியிருந்தால், சந்தேகத்தோடு பார்க்கும் முகங்களே அவருக்குக் கிடைத்திருக்கும். வேலே என்ற பெயரை வாசகர் நினைவில் வைத்திருங்கள்; அது இன்னொரு கேள்வியில் மீண்டும் வரும்.

பிற்காலத்தில் விலங்குகளிடமும் இதே பொறுமையைக் காட்டினார். 2004-இல் கலாபகஸ் தீவுகளில் ஒரு பெரிய ஆமையை நின்றுகொண்டு படமெடுக்க முயன்றபோது அது விலகி விலகிப் போயிற்று. முழங்காலையும் உள்ளங்கைகளையும் தரையில் ஊன்றி, அதன் உயரத்துக்கே தம்மைத் தாழ்த்திக்கொண்டு நகர்ந்த பிறகுதான் அது நின்றது. அப்போது அவருக்கு அறுபது வயது.

மனிதர் காலடி அதிகம் படாத இடங்களைத் தேடிப் போன அந்த நீண்ட பயணத்தில் ஃபிலிமை விட்டு டிஜிட்டலுக்கு ஏன் மாறினார்?
– ஸ்டூடியோ உரிமையாளர் ஒருவர், தஞ்சாவூர்

2004-இல் தொடங்கி எட்டு ஆண்டுகள் நடந்த அந்தப் பணியில் முதலில் நடுத்தர அளவு ஃபிலிம் கேமராவைத்தான் பயன்படுத்தினார். விமான நிலையச் சோதனைகள் கடுமையான பிறகு, ஒரே பயணத்தில் ஃபிலிம் சுருள்கள் பலமுறை எக்ஸ்ரே கருவிக்குள் போய்வர நேர்ந்து, படத்தின் நுண்ணிய சாம்பல் நிறங்கள் கெடத் தொடங்கின. அதனால் 2008-இல் டிஜிட்டலுக்கு மாறினார். ஆனால் திரையில் பார்த்துப் படம் தேர்வு செய்யும் வழக்கம் அவருக்கு வரவே இல்லை. உதவியாளர்கள் டிஜிட்டல் படங்களைக் காண்டாக்ட் ஷீட்டாக (ஒரே தாளில் பல சிறு படங்களாக) அச்சிட்டுத் தர, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தே தேர்ந்தெடுத்தார். தேர்ந்த படத்துக்கு நெகட்டிவ் செய்து, பழைய முறைப்படி வெள்ளித் தாளில் பிரதி போடச் செய்தார். அதே ஆண்டில் எத்தியோப்பிய மலைகளில் ஏறத்தாழ 850 கிலோமீட்டர் தூரத்தை நடந்தே கடந்தார். எடைக்குறைவான கருவி அங்கே எவ்வளவு உதவியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தியாவில் என்னென்ன எடுத்திருக்கிறார்?
– ஆசிரியை ஒருவர், சேலம்

உடலுழைப்பைப் பற்றிய அவருடைய பணிக்காகத் தன்பாத் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களையும், ராஜஸ்தானில் கால்வாய் வெட்டும் பெண்களையும் எடுத்தார். இடம்பெயரும் மக்களைப் பற்றிய பணியின்போது, 1995-இல் பம்பாய் சர்ச்கேட் ரயில் நிலையத்தில் எடுத்த படம் மிகவும் புகழ்பெற்றது. மேலிருந்து பார்க்கும் கோணம்; இரு பக்கமும் மின்சார ரயில்கள் அசையாமல் நிற்கின்றன; ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்ததால் நடுவே நடைமேடையில் இறங்கி நடக்கும் கூட்டம் முகமற்றுக் கரைந்து ஓடுகிறது. முகத்தைக் காட்டுவதற்குப் பெயர்பெற்ற ஒருவர், முகம் கரைவதையே பொருளாக வைத்து எடுத்த அபூர்வமான படம் அது.

2001-இல் யுனிசெஃப் அமைப்பின் சிறப்புப் பிரதிநிதியாகப் பொறுப்பேற்று, இந்தியா, பாகிஸ்தான், காங்கோ, சோமாலியா, சூடான் ஆகிய ஐந்து நாடுகளில் போலியோ சொட்டுமருந்து கொடுக்கும் பணியைப் படமெடுத்தார். இயற்கையாகப் பரவும் வைரஸால் பாதிக்கப்பட்ட இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டு, 2014 மார்ச்சில் இந்தியா போலியோ அற்ற நாடாகச் சான்று பெற்றது. இந்த வெற்றி வீடு வீடாகப் போன சுகாதாரப் பணியாளர்களுடையது. படங்கள் செய்தது வேறொன்று: நோய் குறைந்துவரும்போது நன்கொடையாளர்களின் கவனமும் கூடவே குறையும், அந்தக் கட்டத்தில் வேலை முடியவில்லை என்பதை அவை காட்டின.

துயரத்தை இவ்வளவு அழகாகக் காட்டுவது தவறு என்று விமர்சகர்கள் சொல்கிறார்களே?
– வாசகர் ஒருவர், யாழ்ப்பாணம்

அழகைப் பற்றிய குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. பசியில் வாடும் ஒருவரை நல்ல வெளிச்சத்தில் கவனமாகப் படமெடுப்பது அவருக்குச் செய்யும் மரியாதை. அவசரமாக, அலட்சியமாக எடுப்பதால் அவருடைய துயரம் கூடுதல் உண்மையாகிவிடாது. ஆனால் அமெரிக்க எழுத்தாளர் சூசன் சாண்டாக் 2003-இல் எழுப்பிய இன்னொரு கேள்விக்கு எளிதில் பதில் சொல்ல முடியாது. இப்படங்களின் குறிப்புகளில் மனிதர்களுக்குப் பெயர் இல்லை. புகழ்பெற்றவர்களுக்கு மட்டும் பெயரும், மற்றவர்களுக்கு அவர்களுடைய தொழிலும் இனமும் அவலமும் மட்டும் கிடைக்கின்றன என்றார் அவர். அது நியாயமான குறை. பிற்காலத்தில் அமேசான் காட்டில் பன்னிரண்டு பழங்குடிச் சமூகங்களோடு தங்கி எடுத்து, 2021-இல் வெளியிட்ட பணியில் இந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்திருக்கிறது. காட்டுக்குள் பெரிய துணித்திரை ஒன்றைக் கட்டி, அதன் முன்னே விரும்பியபடி வந்து நிற்கச் செய்து எடுத்த அந்த உருவப்படங்களின் கீழே பெயர்கள் இருக்கின்றன. படத்துக்கு நிற்பவர் தம் தோற்றத்தைத் தாமே தீர்மானித்திருக்கிறார் என்பது பார்த்தவுடன் தெரிகிறது.

அவர் வளர்த்த காட்டைப் பற்றி விரிவாகச் சொல்லுங்கள். அதற்குச் சுரங்க நிறுவனம் உதவியது உண்மையா?
– இயற்கை விவசாயி ஒருவர், சத்தியமங்கலம்

உண்மை. விரிவாகவே சொல்ல வேண்டிய செய்தி இது.

1994-இல் ருவாண்டா இனப்படுகொலையைப் படமெடுத்து முடித்தபோது சல்காடோவின் உடலும் மனமும் நொறுங்கிப்போயின. தொடர்ந்தால் பிழைக்க மாட்டீர்கள் என்று மருத்துவர் எச்சரித்ததை அவர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில்தான் பெற்றோரின் பண்ணை அவர் பொறுப்புக்கு வந்தது. அவருடைய சிறுவயதில் பாதிக்கு மேல் காடாக இருந்த அந்த நிலத்தில், மாடு மேய்த்தும் மரம் வெட்டியும் மேல்மண் அரித்துப்போய், ஊற்றுகள் வற்றிப்போயிருந்தன. இங்கே மறுபடியும் காட்டை வளர்க்கலாம் என்று சொன்னவர் லேலியா. சல்காடோவின் நூல்களை வடிவமைத்ததும், கண்காட்சிகளை அமைத்ததும், 1994-இல் அவரோடு சேர்ந்து தொடங்கிய ஏஜென்சியை நடத்தியதும் லேலியாதான். கணவரின் பெயர் மட்டும் ஒலிக்கும் இடங்களில் இதை அழுத்திச் சொல்வது என் கடமையென்று கருதுகிறேன்.

1998-இல் இருவரும் 'இன்ஸ்டிட்யூட்டோ தெர்ரா' என்ற அமைப்பைத் தொடங்கி, ஏறத்தாழ 700 ஹெக்டேர் நிலத்தைத் தனியார் இயற்கைக் காப்பகமாக அறிவித்தார்கள். நம் கணக்கில் 1,700 ஏக்கருக்கு மேல். 1999 இறுதியில் முதல் நடவு நடந்தது. பிரேசிலின் கடலோரப் பகுதி மழைக்காடான அட்லாண்டிக் காட்டுக்கே உரிய மரங்களைத்தான் நட்டார்கள். முதல் முறை வைத்த கன்றுகளில் பாதிக்கு மேல் பட்டுப்போயின. பிறகு நாற்றங்கால் அமைத்து, மண்ணைத் தேற்றி, மீண்டும் மீண்டும் நட்டார்கள். இன்று இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட மரங்கள் அங்கே வேரூன்றியிருக்கின்றன. பறவைகளில் மட்டும் 170-க்கு மேற்பட்ட இனங்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. உங்களைப் போன்ற விவசாயிகளுக்கு அதைவிட முக்கியமானது ஊற்றுகளைக் காக்கும் அவர்களுடைய திட்டம். பண்ணை அமைந்த தோஸ் ஆற்றுப் படுகையின் சிறு விவசாயிகளுக்குக் கம்பமும் கம்பியும் கன்றுகளும் கொடுத்து, ஊற்றுக்கண்ணைச் சுற்றி வேலி அடைத்து, மாடுகள் மிதிக்காமல் பார்த்து, சுற்றிலும் மரம் வளர்க்கச் செய்கிறார்கள்.

இதற்கெல்லாம் படங்கள் மட்டும் பணம் தந்துவிடவில்லை. 2022-இல் அவருடைய படங்களின் பிரதிகள் சோத்பீஸ் நிறுவனத்தின் வழியே ஏலம் விடப்பட்டு வருவாய் இந்த அமைப்புக்குப் போனது போன்ற நிகழ்ச்சிகள் உண்டு. ஆனால் இவ்வளவு பெரிய வேலைக்கு அரசுகளும் நிறுவனங்களும் கை கொடுக்க வேண்டியிருந்தது. 1997-இல் தனியார்மயமான சுரங்க நிறுவனம் வேலேயும் கன்றுகள் கொடுத்தது. 2013-இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் தொடங்கிய கண்காட்சிக்கும் அதே நிறுவனம்தான் புரவலராக நின்றது. கெடாத நிலங்களின் படங்களுக்குச் சுரங்க நிறுவனம் பணம் கொடுப்பதா என்ற எதிர்ப்பு அப்போதே எழுந்தது. 2015 நவம்பர் 5 அன்று மரியானா அருகே சுரங்கக் கழிவு அணை உடைந்து 19 பேர் இறந்தார்கள். சேறு தோஸ் ஆறு நெடுகக் கடல் வரை ஓடியது. அந்த அணையை நடத்திய சமார்க்கோ, வேலேயும் ஆஸ்திரேலியச் சுரங்க நிறுவனமான பிஎச்பியும் சேர்ந்து வைத்திருந்த நிறுவனம். சல்காடோவின் பண்ணை இருக்கும் ஐமோரெஸ் அந்த ஆற்றங்கரையில்தான் இருக்கிறது.

சேதத்துக்குக் காரணமான நிறுவனங்களின் பணத்தில் ஆற்றுப் படுகையையே மீட்கும் நிதியம் வேண்டும் என்று சல்காடோ அரசிடம் வலியுறுத்தினார். பேசாமல் இருந்துவிடவில்லை என்பதை மதிக்கிறேன். எனினும், கண்காட்சிச் சுவரில் அந்த நிறுவனத்தின் பெயர் இடம்பெற்றதை என்னால் ஏற்க முடியவில்லை. நிலத்தைக் கெடுத்தவரிடமிருந்து கன்று வாங்கி அதே நிலத்தில் நடுவது ஒருவகை இழப்பீடு, அதில் தவறில்லை. கண்காட்சிக்குப் புரவலராக்குவது அவருக்கு நற்பெயர் வாங்கித் தருவது. இரண்டும் ஒரே பணம் போலத் தோன்றினாலும் ஒன்றல்ல.

நான் கல்யாணப் படங்கள் எடுத்துப் பிழைப்பவன். ஒரு தொண்டு நிறுவனம் தங்கள் குழந்தைகள் இல்லத்தைக் கட்டணமின்றிப் படமெடுத்துத் தரக் கேட்கிறது. எப்படிச் செய்வது சரி?
– புகைப்படக்காரர் ஒருவர், விருதுநகர்

கல்யாண வேலை தரும் வருமானத்திலிருந்து சில நாட்களை இதற்குக் கொடுப்பது நல்ல காரியம், தயங்காமல் செய்யுங்கள். ஆனால் எத்தனை படம், எதற்குப் பயன்படும், எவ்வளவு காலம், விற்றால் பணம் யாருக்கு என்பதை ஒரு பக்கத்திலாவது எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பிரேசிலின் நிலமற்ற விவசாயிகள் இயக்கத்துக்காகச் சல்காடோ 1997-இல் வெளியிட்ட படங்களின் வருவாய், அந்த இயக்கம் 2005-இல் சாவோ பாவ்லோ அருகே திறந்த பள்ளிக்குப் பயன்பட்டது. பணம் போகும் வழி தெளிவாக இருந்ததால்தான் அது கட்டடமாக நிற்கிறது.

நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு கட்டணமும் கொடுத்து எடுக்கச் செய்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். கட்டணம் வாங்காமல், நீங்கள் அந்த நிறுவனத்தின் ஊழியராகவும் இல்லாமல் எடுத்தால் உரிமை உங்களிடமே இருக்கும். அப்படியானால் பயன்படுத்தும் அனுமதியை நீங்கள்தான் எழுதித் தர வேண்டும். எழுதும்போது, பிறருக்கு விற்கக் கூடாது என்ற ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள்.

குழந்தைகள் இல்லம் என்பதால் இன்னொரு கட்டாயமும் இருக்கிறது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் ஊடகங்களில் வெளியிட 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. நிறுவனத்தார் வாய்மொழியாகச் சம்மதித்துவிட்டால் அந்தத் தடை நீங்கிவிடாது. ஆகவே நன்கொடைத் துண்டறிக்கைக்கும் இணையத்துக்கும் போகும் படங்களில் முகம் தெரியாதபடி எடுங்கள்: பாடம் எழுதும் கைகள், பின்னாலிருந்து தெரியும் விளையாட்டு, சமையற்கட்டு, படுக்கைகள் வரிசையாக இருக்கும் அறை. முகம் தெரியும் படங்களையும் எடுங்கள். ஆனால் அவற்றை அச்சிட்டு, அந்தந்தக் குழந்தையின் கையில் மட்டும் கொடுங்கள். பெரும்பாலான பிள்ளைகளிடம் தங்கள் படம் ஒன்றுகூட இருக்காது.